கட்டு மாறிப் போச்சு

தாள் இன்னும் சூடாக இருக்கிறது, இஸ்திரி போட்டு எடுத்த கைக்குட்டை மாதிரி, கன்னத்தில் வைத்துக்கொள்கிறேன், எழுபத்தொரு வயதில் ஒருத்தி ஓர் ஒப்பந்தத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நிற்பதை இந்த நகல் இயந்திரம் மட்டும்தான் பார்க்கிறது, அதற்கும் ஒற்றைப் பச்சைக் கண்தான். பதினொன்று பத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. இப்போது பதினொன்று இருபத்தைந்து. சந்தோஷம் முதலில் முழங்காலுக்குத்தான் வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, உட்கார முடியவில்லை, வலிக்கவும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு இரண்டு கார்கள் வரும், இஸ்ரேல்காரர்களும் பாலஸ்தீனர்களும் அவரவர் மூலப் பிரதியோடு விமான நிலையத்துக்குப் போவார்கள், நான் எடுத்து வைத்திருக்கும் இந்த நகல்கள் இரண்டையும் அடுக்கிச் சுவிஸ்காரர்களின் கோப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். நாலே பக்கம். ஆறு மாதம், இந்த ஏரிக்கரை ஹோட்டல், நாலு பக்கம். சமாதானம் என்று இதைச் சொல்ல மாட்டேன், அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்து செய்து என் விரலில் அது தேய்ந்துபோயிற்று. மூன்று கிராமங்கள், ஓர் ஊற்று, வேலியில் ஒரு கதவு. ஆலிவ் அறுவடைக்கு வருஷத்தில் நாற்பது நாள் அந்தக் கதவு விடிந்ததும் திறக்கும், இருட்டினால் மூடும், ஊற்றில் உடைந்துகிடக்கும் குழாயை இரண்டு தரப்புப் பொறியாளர்களும் சேர்ந்து பழுது பார்ப்பார்கள். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் பதினொரு வருஷமாக அந்தக் கதவு பூட்டிக் கிடக்கிறது, பதினொரு வருஷத்துக் காய் மண்ணில் உதிர்ந்து மட்கியிருக்கிறது, கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிள்ளைகளைப் புதைத்திருக்கிறார்கள். இன்னும் ஆறு நாளில் திறக்கும். ஆறு நாள், ஆறு நாள் என்று நெஞ்சு தானாகவே தாளம் போடுகிறது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வெளிமுற்றத்தில் வெயில், மலை உச்சிகளில் புதுப் பனி, அவர்கள் தேநீர் குடிக்கிறார்கள். பாலஸ்தீனத் தரப்பின் தலைவி நுஹா சாலிம், புவியியல் பேராசிரியை, சிகரெட்டைப் பற்றவைக்காமலே ஒரு மணி நேரம் விரலில் வைத்திருப்பார். எதிரே இஸ்ரேல் தரப்பின் தலைவர் யோராம் ஷிலோ, நீர்ப் பொறியாளர், என்னைவிட மோசமான முழங்கால். நுஹாவின் எண்பத்துநாலு வயது அத்தைக்கு அந்தக் கதவுக்கு அப்பால் அறுபது மரம் இருக்கிறது. யோராமின் மகன் இப்போது அந்தக் கதவில்தான் துப்பாக்கியோடு காவல் நிற்கிறான். இதை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நாலு மாதம் ஆயிற்று. இப்போது தட்டில் ஒரே ஒரு பிஸ்கட் மீந்திருக்கிறது, யோராம் கையை நீட்டுகிறார், நுஹாவின் குரல் கதவிடுக்கில் கேட்கிறது. "எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பழக்கம்தானே." "பாதி தருகிறேன்." "எந்தப் பாதி என்று பேச இன்னும் ஆறு மாதம் உட்கார வேண்டும்." இரண்டு வழக்கறிஞர்களும்கூடச் சிரிக்கிறார்கள், உயரமானவர் யோராமின் ஆள், குள்ளமானவர் நுஹாவின் ஆள், பல் இருப்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது. நானும் இங்கே நின்று சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே தாளைத் திருப்புகிறேன்.

திருப்பியவள் அப்படியே நிற்கிறேன். முன்பக்கம், முதல் வரி, இஸ்ரேல் தரப்பும் பாலஸ்தீனத் தரப்பும். கடைசிப் பக்கத்தின் பின்புறம், குள்ள வழக்கறிஞரின் சாய்ந்த கையெழுத்து, எங்கள் தரப்பின் மூலப் பிரதியைப் பெற்றுக்கொண்டோம். பாலஸ்தீனத் தரப்பின் ரசீது. இஸ்ரேல் முதலில் வரும் பிரதியின் முதுகில். இல்லை, நகல் எடுக்கும்போது தாள் கலந்திருக்கும். மற்றதை எடுக்கிறேன். பாலஸ்தீனத் தரப்பும் இஸ்ரேல் தரப்பும் என்று தொடங்குகிறது, பின்னால் உயரமான வழக்கறிஞரின் கூர்மையான எழுத்து. கலக்கவில்லை. பக்க எண் சரி, கையெழுத்து சரி, எல்லாம் சரி, மாறிப்போயிருக்கிறது. உலகம் முழுக்க ஒப்பந்தங்களுக்கு ஒரு முறை உண்டு, இரண்டு பிரதி எழுதுவார்கள், ஒவ்வொரு தரப்பும் கொண்டுபோகும் பிரதியில் அதன் பெயர்தான் முதலில் வரும், யாரும் யாருக்கும் இரண்டாவது இல்லை, ஊருக்குப் போய் நாங்கள்தான் முதலில் என்று காட்டிக்கொள்ளலாம். இரண்டு பேரும் இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போடுவதால் மேசையில் யாருக்கும் தெரியவில்லை, வழக்கறிஞர்கள் மூன்றாம் பிரிவில் கதவு திறக்கும் தேதியையே முறைத்துக்கொண்டிருந்தார்கள், முதல் வரியை யார் பார்ப்பார்கள், முதல் வரி என்னுடைய பொறுப்பு. முப்பத்திரண்டு வருஷம் ஜெனீவாவில் இந்த வேலைதான் பார்த்தேன், ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு தரப்பும் கேட்டுக்கொண்டதால் கூப்பிட்டார்கள், அந்தப் பழைய அம்மாள் தட்டச்சு செய்தால் சரியாக இருக்கும் என்றார்களாம். இங்கே நான் மிஸ் நாசரேத். என் பெயர் மனோரஞ்சிதம், அது அவர்கள் வாயில் நுழையாது, ஆனால் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் நாசரேத் என்றிருக்கும், முதல் நாள் வாசலில் இரண்டு தரப்புக் காவலர்களும் என்னைத் தனித்தனியே நிறுத்தினார்கள். எந்தப் பக்கத்து நாசரேத்துக்காரி, யாருடைய ஆள்? தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் என்றேன். பனங்காட்டு நடுவே ஒரு ரயில் நிலையம், கருப்பட்டி கிடைக்கும் என்றேன். வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள், காட்டினேன், இரண்டு காவலர்களும் ஒரே வரைபடத்தில் குனிந்து இந்தியாவின் கீழ்க்கோடியில் நாசரேத்தைத் தேடினார்கள், இந்த ஆறு மாதத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான் என்று நுஹா பிற்பாடு சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து மிஸ் நாசரேத். மிஸ் நாசரேத், இதோ கட்டு மாறிப் போச்சு.

கட்டு மாறிப் போச்சேட்டி. அப்பாவின் குரல். எங்கிருந்து வருகிறது, இந்தச் சுவிஸ் வெயிலில், ஈய வாடையோடு. அப்பாவுக்கு நாசரேத் கடைத்தெருவில் அச்சகம், ஒரே ஒரு டிரெடில், காலால் மிதிப்பது, வைகாசி வந்துவிட்டால் கல்யாணப் பத்திரிகைதான். பத்திரிகையில் பெயர் வரிசைக்கு நடக்கிற சண்டைக்கு முன்னால் இந்த ஏரிக்கரைச் சண்டை ஒன்றுமே இல்லை. மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா முதலிலா, பெண் வீட்டுத் தாத்தா முதலிலா. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் முதலிலா, ஓய்வு பெறாத தாசில்தார் முதலிலா. கொழும்பில் இருக்கிற மாமா பெயரை விட்டுவிட்டாயே. அப்பா யாரிடமும் வாதாட மாட்டார், இரண்டு மாதிரி அடித்துக் கொடுத்துவிடுவார், மாப்பிள்ளை வீட்டுக்கு ஐந்நூறு, அதில் அவர்கள் பெயர் மேலே, பெண் வீட்டுக்கு ஐந்நூறு, அதில் இவர்கள் பெயர் மேலே, அவரவர் சொந்தத்துக்கு அவரவர் கொடுத்துக்கொள்ளட்டும். பல வருஷம் கழித்து ஜெனீவாவில் என் மேலதிகாரி இந்த மாற்று வரிசை முறையை ஏதோ பெரிய ராஜதந்திர ரகசியம் மாதிரி எனக்குக் கரும்பலகையில் எழுதி விளக்கியபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டுக் கட்டுவது என் வேலை, சணல் நூல், குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று, இரண்டு கட்டு, ஒன்று மாப்பிள்ளை ஊரான சாயர்புரத்துக்கு, ஒன்று உள்ளூருக்கு. பக்கத்து வீட்டுச் சொர்ணலதா அக்கா கல்யாணம். அவள் எனக்குப் பாட்டுப் பாடிக் காட்டுவாள், கோயிலில் பாடகர் குழுவில் அவள் குரல் மட்டும் தனியாக மேலே போகும், அதை நினைத்துக்கொண்டே கட்டினேன், அவள் பாட்டை முனகிக்கொண்டே, சந்தோஷமாகத்தான் கட்டினேன். சந்தோஷமாக இருக்கும்போதுதான் என் கை மாற்றும். சாயர்புரத்துப் பெரியவர் கட்டைப் பிரித்துத் தம் பெயரைக் கீழே பார்த்தார், பெண் வீட்டுக்காரர்கள் திட்டமிட்டு அவமானப்படுத்திவிட்டார்கள் என்றார், அதற்கு இவர்கள் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்று சொல்ல, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று, மூன்றாவது வாசிக்கவில்லை, கல்யாணம் நின்றுபோயிற்று. ஏட்டி மனோ, கட்டு மாறிப் போச்சேட்டி, என்றார் அப்பா என்னிடம், அவ்வளவு மெதுவாக. வெளியே சண்டைக்கு வந்தவர்களிடம் எல்லாம் நான்தான் மாத்திக் கட்டிட்டேன் ஐயா என்று கும்பிட்டார். நான் டிரெடிலுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சொர்ணலதா அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மேலே ஓடாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாடவில்லை. பிறகு பம்பாய்க்குப் போனாள், யாரையோ கட்டிக்கொண்டாள். அவள் சந்தோஷமாக இருந்தாளா என்று கேட்க ஐம்பத்தொன்பது வருஷமாக எனக்குத் தைரியம் வரவில்லை.

பதினொன்று முப்பத்தைந்து. எப்படி மாறியது? பத்தே முக்காலுக்கு இந்த நாட்டு அதிகாரி லூதி இந்தக் கதவைத் திறந்தார், எப்போதும் கழுத்துப்பட்டியை இழுத்துவிட்டுப் பேசுகிற மனிதர், இன்றைக்குப் பட்டியே இல்லை, "சரி என்றுவிட்டார்கள்" என்றார். இடது கையில் இருந்தது நுஹாவுக்கு, வலது கையில் இருந்தது யோராமுக்கு. நான் இரண்டு உறைகளையும் மேசையில் வைத்தேன். ஏன் வைத்தேன்? கை தட்டுவதற்கு. சின்னப் பிள்ளை மாதிரி மூன்று தடவை கை தட்டினேன், லூதியும் தட்டினார், பிறகு உறைகளை எடுத்துக்கொண்டு ஓடினோம். அங்கேதான். இரண்டும் ஒரே சாம்பல் நிறம், மேலே ஓர் எழுத்து இல்லை, ஓர் அடையாளம் இல்லை, ஏனென்றால் நீலம் என்றால் இவர்கள் கொடி, பச்சை என்றால் அவர்கள் கொடி, வெள்ளை என்றால் யார் சரணடைந்தது என்று கேட்பார்கள், ஆகவே சாம்பலாக இருக்கட்டும், ஒரே மாதிரி இருக்கட்டும், குற்றம் சொல்ல இடமே இருக்கக்கூடாது என்று யோசித்து யோசித்து ஏற்பாடு செய்தது யார், நான்தான். பதினொரு வருஷத்துக்கு முந்திய பேச்சுவார்த்தையிலும் நான் இருந்தேன். அப்போது அறுநூறு பக்கம். கடைசி நாள் மேசையில் வைத்த இரண்டு சின்னக் கொடிகளில் ஒன்றின் கம்பம் இரண்டு அங்குலம் உயரம், அது எந்தக் கொடி என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன், யாரோ கடையில் வாங்கி வந்தது, யாரோ ஒருவர் எழுந்தார், மற்றவரும் எழுந்தார், அவ்வளவுதான். அன்று மாலை வரை நான் அறுநூறு பக்கத்தையும் தாள் நறுக்கும் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன், கடைசியில் அது சேமியா மாதிரி என் காலைச் சுற்றிக் குவிந்திருந்தது, நான் அதற்கு நடுவில் நின்றேன். கொடிக்கம்பம் வாங்கியவர் யார் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருஷம்தான் கதவைப் பூட்டினார்கள். இப்போது என்ன செய்வது? ஒன்று, பேசாமல் இருந்துவிடலாம். இருபத்தைந்து நிமிடத்தில் கார் வந்துவிடும். ஊருக்குப் போய்த் திறந்து பார்ப்பார்கள், நுஹா முதல் வரியையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்தாள் என்று ஒரு பக்கம் எழுதுவார்கள், யோராம் எதிரியின் பெயரை மேலே வைத்துக் கையெழுத்துப் போட்டார் என்று இன்னொரு பக்கம் எழுதுவார்கள், ஆறு நாள் பொறுக்காது, கதவு திறக்காது. அல்லது மாற்றிவிடலாம், அதோ அந்த இரண்டு உறைகளும் பிரம்பு நாற்காலிகளில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன, தேநீர்க் கோப்பையை எடுக்கிற சாக்கில் போய், ஓர் எட்டு, ஒரு கை. இல்லை, முதுகில் ரசீது இருக்கிறதே, ரசீதை அடித்துத் திருத்த வேண்டும், இரண்டு வழக்கறிஞர்களும் சுருக்கொப்பம் போட வேண்டும், அவர்கள் இதற்குத்தானே ஆறு மாதமாகக் காத்திருக்கிறார்கள், ஓர் எழுத்தைத் திருத்தினாலும் தலைநகரத்தைக் கேட்க வேண்டும் என்பார்கள், தலைநகரத்தைக் கேட்டால் மூன்றாம் பிரிவு மறுபடி பேச்சுக்குத் திறக்கும், மூன்றாம் பிரிவு திறந்தால் கதவு திறக்காது. இது எங்கே சுற்றினாலும் கதவில் வந்து முட்டுகிறது. அந்த அத்தை பையைத் தைத்துவிட்டாராம், நுஹா சொன்னார், காய் பறிக்கிற பை, போன வாரமே தைத்து ஆணியில் மாட்டிவிட்டாராம். ஆணியில் தொங்கும் பை. அதை ஏன் எனக்குச் சொன்னார்.

கதவு திறக்கிறது, நெய்யும் ஏலக்காயும் முதலில் வருகின்றன, பிறகு குகநேசன். இந்த ஹோட்டல் சமையலறையில் இருபத்தாறு வருஷமாக இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர், ஆறு மாதமும் எனக்குத் தமிழ் பேச ஒரே வாய். கையில் தட்டு, தட்டில் எட்டுக் கிண்ணம், மஞ்சளாக ரவைக் கேசரி. "அக்கா, சமையல்காரப் பெரியவரைக் கெஞ்சி ஒரு அடுப்பு வாங்கினனான். கையெழுத்து வைச்சிட்டினம் எல்லோ, இனிப்பு வேணும். ஆறினால் கல்லு மாதிரிப் போயிடும், கெதியா வாங்கோ. என்ன அக்கா, முகம் பேயடிச்ச மாதிரி இருக்கு?" ஒண்ணுமில்ல தம்பி என்கிறேன். "ஒண்டுமில்லாமல் ஏன் தாளுகளைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?" கையைப் பார்க்கிறேன், ஆமாம், கட்டிப் பிடித்திருக்கிறேன். இதை வெளியே சொல்லக்கூடாது, அலுவலக ரகசியம், ஆனால் கல்யாணப் பத்திரிகை ரகசியம் இல்லையே. "ஏன் தம்பி, உங்க ஊர்ல கல்யாணப் பத்திரிகையில பேரை மேல கீழ மாத்திப் போட்டுட்டா என்ன செய்வாவ?" அவர் யோசிக்காமலே, "வெட்டுக்குத்துத்தான் அக்கா. எங்கட பெரியப்பா ஒரு கலியாண வீட்டிலை இருந்து இலைக்கு முன்னாலை எழும்பிப் போனவர், முப்பது வருஷம் கதைபேச்சில்லை, பேந்து பார்த்தால் பிழை விட்டது அச்சுக்காரன்." சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை. அவர் தட்டை மேசையில் வைக்கிறார், கண்ணாடிக்கு அப்பால் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், துண்டால் கையைத் துடைத்துக்கொள்கிறார். "எங்கட பேச்சுவார்த்தை நடந்த காலம் முழுக்க நான் ரீவிக்கு முன்னாலைதான் அக்கா இருந்தனான். ஆர் முதல் கை குடுத்தது, ஆர் முதல் மேசையிலை வந்து இருந்தது எண்டு இஞ்ச எல்லாரும் அதைத்தான் கதைச்சவை. அம்மா மட்டும் போனிலை சொல்லுவா, தம்பி, இண்டைக்குச் செல்குண்டு விழேல்லை, உடுப்புக் காயப் போட்டனான் எண்டு. எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம். பேந்து அது முறிஞ்சுது. என்னெண்டு முறிஞ்சது எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை. எங்கேயோ ஒரு அறையிலை, ஆரோ ஒருத்தருக்கு முதலே தெரிஞ்சிருக்கும். சொல்லப் பயந்து இருந்திருப்பார் பாவம்." பாவம் என்கிறார். திட்டவில்லை, பாவம் என்கிறார். அந்த ஒரு சொல்லில் டிரெடிலுக்குப் பின்னால் நிற்கிற பன்னிரண்டு வயதுப் பெண்ணை யாரோ எட்டிப் பார்த்த மாதிரி இருக்கிறது. பதினொன்று நாற்பத்தேழு. "தம்பி, தட்டை எடுத்துக்கிட்டு என் பின்னாலயே வாங்க." "இப்பவோ? கேட்டுட்டோ குடுக்கிறது?" "கேக்க வேண்டாம். என்னைத் திட்டும்போது கையில ஏதாவது இனிப்பு இருக்கட்டும்."

முப்பது அடி. எண்ணிக்கொண்டு நடக்கிறேன், கண்ணாடிக் கதவு, ஒரு படி, வெயில், கண் கூசுகிறது, ஏரி ஒரே ஒரு வெள்ளித் தகடாக எழுந்து நிற்கிறது, எவ்வளவு அழகு, இந்த நேரத்தில் ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறது, பின்னால் குகநேசனின் செருப்புச் சத்தம், கிண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிற சத்தம். நிற்கிறேன். லூதி புன்னகையோடு திரும்புகிறார், புன்னகை பாதியில் நிற்கிறது. "ஒரு தவறு நடந்துவிட்டது" என்கிறேன், என் ஆங்கிலம் பாளையங்கோட்டைக் கல்லூரி வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்கிற மாதிரி வருகிறது. "என் தவறு, வேறு யாருடையதும் இல்லை. உறைகளை மாற்றிவிட்டேன். பேராசிரியையிடம் இருப்பது இஸ்ரேல் முதலில் வரும் பிரதி. திரு. ஷிலோவிடம் இருப்பது பாலஸ்தீனம் முதலில் வருவது. பின்புறம் ரசீதும் எழுதியாகிவிட்டது." சொல்லியாயிற்று. ஐம்பத்தொன்பது வருஷம் கழித்து ஆறு வாக்கியத்தில் முடிந்துவிட்டது, இவ்வளவு சின்னதா அது? லூதியின் கை கழுத்துக்குப் போய் இல்லாத பட்டியைத் தேடுகிறது. உயரமான வழக்கறிஞர் எழுந்துவிட்டார். "தலைநகரத்தைக் கேட்காமல் இது போகக்கூடாது." குள்ளமானவரும் எழுந்துவிட்டார். "நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்." நுஹா சிகரெட்டை மேசையில் வைக்கிறார். "ஆறு மாதத்தில் இவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. மிஸ் நாசரேத், நல்ல காரியம் செய்தீர்கள்." கோபமா, கேலியா, முகத்தில் தெரியவில்லை. உறையைத் திறக்கிறார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார், முதல் வரியைப் படிக்கிறார், எனக்கு அந்த விரல் நகர்வது மட்டும் தெரிகிறது, விரல் வரியின் கடைசிக்குப் போய் அங்கேயே நிற்கிறது. "உங்களுக்கு எப்போது தெரிந்தது?" "இருபது நிமிடம் முன்னால்." "இருபது நிமிடம் என்ன செய்தீர்கள்?" "பயந்துகொண்டிருந்தேன்." அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். "நாங்கள் ஆறு மாதமாக அதைத்தான் செய்தோம்" என்கிறார். யோராமும் தம் உறையைத் திறந்துவிட்டார், முழங்காலில் வைத்துப் பார்க்கிறார், தலையைச் சொறிகிறார். "என் ஊரில் கேட்பார்கள், முதல் வரியையே கொடுத்துவிட்டு வந்தாயா என்று." "என் ஊரில் கேட்கக்கூட மாட்டார்கள். அத்தை பேசுவதையே நிறுத்திவிடுவாள்." "மாற்றிக்கொள்ளலாமா?" என்கிறார் யோராம். "மாற்றலாம்" என்கிறார் உயரமானவர், "ரசீதைத் திருத்தி, காரணம் எழுதி, அனுமதி கேட்டு." "எத்தனை நாள்?" "ஏழு, எட்டு." எட்டு நாள். ஆறு நாளில் அறுவடை. குகநேசன் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கேசரியிலிருந்து ஆவி மெலிந்துகொண்டே போகிறது, ஆறினால் கல்லு மாதிரி, ஆறினால் கல்லு மாதிரி, இந்த வாக்கியம் ஏன் இப்போது வந்து மாட்டிக்கொள்கிறது. நுஹா தாளின் மேல் உள்ளங்கையை வைக்கிறார், பூனையைத் தடவுவது மாதிரி ஒரு தடவு. "யோராம், இந்தத் தாளில் உங்கள் பெயர்தானே முன்னால் இருக்கிறது. இது என் வீட்டுக்கு வந்தால் உங்கள் பெயர் என் வீட்டுக்கு வருகிற விருந்தாளி. எங்கள் வீட்டில் முதல் தட்டு விருந்தாளிக்குத்தான். அத்தையிடம் அப்படித்தான் சொல்லப்போகிறேன். விருந்தாளியைக் கீழே உட்கார வைக்கச் சொல்வாளா என்று பார்க்கலாம்." ஏரியில் ஒரு படகு மணியடிக்கிறது. யோராம் மெதுவாக, மிக மெதுவாக, தம் உறையை மூடுகிறார். "எங்கள் வழக்கமும் அதுதான்" என்கிறார். "அதையும் எடுத்துக்கொண்டீர்களா!" என்கிறார் நுஹா. பிறகு யோராம் சிரிக்கிற சிரிப்பு, அந்தக் குண்டு உடம்பு பிரம்பு நாற்காலியோடு சேர்ந்து சிரிக்கிறது, "பாதி தருகிறேன், பாதி தருகிறேன்" என்கிறார், "எந்தப் பாதி?" என்று நுஹா கேட்கக் கேட்கக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். வழக்கறிஞர்கள் இரண்டு பேரும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள். "இதை எழுத்தில் வைக்க வேண்டும்" என்கிறார் உயரமானவர், ஆனால் குரலில் பழைய இரும்பு இல்லை. "வையுங்கள்" என்கிறார் நுஹா, "மிஸ் நாசரேத் எழுதட்டும்."

எழுதுகிறேன், குகநேசனின் தட்டின் ஓரத்தையே மேசையாக வைத்துக்கொண்டு, ஒரே வரி. இருவரும் மனமொப்பிப் பிரதிகளை மாற்றி வைத்துக்கொண்டார்கள். இருவரும் என்றுதான் எழுதினேன், எந்தப் பெயரையும் எழுதவில்லை, எனக்கு இன்னொரு தடவை வேண்டாம் அப்பா. இரண்டு சுருக்கொப்பம் விழுகிறது. குகநேசன் ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லிக் கிண்ணத்தை நீட்டுகிறார், முதல் கிண்ணம் யாருக்கு என்று கை தயங்குகிறது, அந்தத் தயக்கத்தை நான் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார், சட்டென்று இரண்டு கையிலும் இரண்டு கிண்ணம் எடுத்து ஒரே நேரத்தில் நீட்டிவிடுகிறார், கெட்டிக்காரர். யோராம் தேக்கரண்டியை வாயில் வைத்து, "இது என்ன, எங்கள் பாட்டி ரவையில் செய்வாளே அது மாதிரி" என்கிறார், "தயவுசெய்து இதையாவது இந்தியாவுக்கு விட்டுவிடுங்கள்" என்கிறார் நுஹா, "இது யாழ்ப்பாணம்" என்கிறார் குகநேசன் ஆங்கிலத்தில், மிகுந்த கண்டிப்போடு. நான் சாப்பிடுகிறேன். சூடு போகவில்லை. முந்திரி பல்லில் உடைகிறது. சொர்ணலதா அக்கா, நீ எங்கேயாவது இருந்தால், உனக்கு எண்பது வயது ஆகியிருக்கும், உன்னை இன்றைக்குத் தேடப்போகிறேன், பம்பாயில் உன் அண்ணன் மகள் இருக்கிறாள், எண் வாங்கிவிடலாம், நான்தான் கட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன், நீ திட்டினாலும் சரி, பாடினாலும் சரி. பன்னிரண்டு மணி. கார்கள் சரளைக் கல்லில் வந்து நிற்கின்றன. இரண்டு சாம்பல் உறைகளும் இரண்டு பக்கமாகப் போகின்றன, அவள் பெயர் அவர் கக்கத்தில், அவர் பெயர் அவள் மார்போடு. வாசலில் யார் முதலில் ஏறுவது என்று யாரும் பார்க்கவில்லை, நான் மட்டும் பழக்கதோஷத்தில் பார்த்தேன், இன்றைக்கு மறந்துவிடுவேன். முதல் கார் நகர்கிறது, இரண்டாவது நகர்கிறது, வளைவில் இரண்டாவது காரின் கண்ணாடி இறங்குகிறது, யோராமின் மொட்டைத் தலை வெளியே வருகிறது. "மிஸ் நாசரேத்! அடுத்த தடவையும் நீங்களே உறையில் போடுங்கள்!" அடுத்த தடவை. அடுத்த தடவை என்கிறார். முன்காரிலிருந்து ஒரு கை, விரலிடுக்கில் பற்றவைக்காத சிகரெட், ஆடுகிறது. ஆறு நாளில் விடியும், ஒரு பையனிடம் சாவி இருக்கும், ஒரு கிழவி ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வருவாள். பக்கத்தில் குகநேசன் காலித் தட்டோடு, "என்னக்கா, அழுகிறியளோ சிரிக்கிறியளோ?" என்கிறார். இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்க்கிறேன். தாள் இல்லை, உறை இல்லை, எதுவும் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டு, கை தட்டுகிறேன்.